கைதட்டி அனுப்பிய லாரி

அத்தியாயம் 7

“கைதட்டி அனுப்பினாங்க சார்.”

கம்பி வலைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த லாரி டிரைவர் இதைச் சொன்னதும், வாசலில் நின்ற சிறைக் காவலர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. மெத்தை லோடுக்கு நடுவே பலகை அடித்து ஒரு பொந்து செய்து, அதில் ஓர் இளைஞனை ஒளித்துவைத்து எல்லை தாண்டியவன் இந்த ஆள். அந்த இளைஞன் மூச்சுத் திணறிச் செத்ததும் லாரியை ரோட்டோரம் விட்டுவிட்டு ஓடியவன். பிடிபட்ட நாளிலிருந்து இந்த ஒரே பாட்டைத்தான் பாடிக்கொண்டிருக்கிறான். எல்லைப் போலீஸ் அவனைக் கைதட்டி வழியனுப்பி வைத்ததாம்!

என் பாஸ் மட்டும் சிரிக்கவில்லை.

பாஸுக்கு ஊர் வைத்த பெயர் டிக்கெட். ரயிலில் டிக்கெட் பரிசோதகராகக் காலம் தள்ளிவிட்டு, ஓய்வுக்கு அப்புறம் துப்பறிய வந்தவர். எதிரே இருப்பவன் சட்டைப் பையில் கைவிடுகிற தினுசைப் பார்த்தே டிக்கெட் இருக்கிறதா, இல்லையா என்று சொல்லிவிடுவார். எனக்கு அவர் வைத்த பெயர் ரேடியோ. காரணம் கேட்டால், “அணைக்கிற பட்டனைக் காணோம்” என்பார்.

“எத்தனை பேர் கைதட்டினாங்க?” என்று கேட்டார் டிக்கெட்.

டிரைவர் நிமிர்ந்து பார்த்தான். அவனிடம் இதுவரை யாரும் கேட்காத கேள்வி போலிருக்கிறது.

“ஒரு கூட்டமே தட்டுச்சு சார். யூனிஃபார்ம்காரங்க, கோட்டு சூட்டு போட்டவங்க, கேமரா வெச்சிருந்தவங்க. நான் ஒழுங்கா வரிசையிலதான் நின்னேன். ஒரு போலீஸ்காரர் வந்து, ‘வண்டியைக் கொஞ்சம் பக்கத்து மைதானத்துல விடுப்பா, நீ போய் டீ குடி’ன்னார். நம்ம கதை முடிஞ்சுதுன்னு நினைச்சேன். தூரத்துல நின்னு பார்த்துட்டே இருந்தேன். என் வண்டியைச் சுத்தி நின்னு எதையோ பண்ணாங்க. திடீர்னு எல்லாரும் கைதட்டினாங்க. அப்புறம் என்னைக் கூப்பிட்டு, ‘ரொம்ப தேங்க்ஸ்ப்பா, நீ மறுபடி வரிசையில நிக்க வேண்டாம், இந்தப் பக்கத்து கேட் வழியாவே போயிடு’ன்னு அனுப்பிட்டாங்க.”

“நீ என்ன நினைச்சே?”

“விட்டுப் பிடிக்கிறாங்கன்னு நினைச்சேன் சார். நான் எங்கே கொண்டுபோய் இறக்குறேன்னு பார்க்கப் பின்னாடியே வர்றாங்கன்னு. எல்லை தாண்டினதும் ஒரு இடத்துல நிறுத்தி, பலகையைத் திறந்து காத்து விடுறது வழக்கம். அன்னைக்குப் பயத்துல எங்கேயும் நிறுத்தலை.” அவன் தலையைக் குனிந்துகொண்டான். “கடைசியா நிறுத்தினப்போ உள்ளே சத்தம் இல்லை.”

வெளியே வந்ததும் நான் ஆரம்பித்தேன்.

“நல்லாக் கதை விடுறான் பாஸ். எல்லைச் சாவடியைத் தாண்டுற ஒவ்வொரு வண்டியையும் கேமரா படம் பிடிக்குது. இவன் லாரி அந்தப் பக்கமே வரலைன்னு போலீஸ் அடிச்சுச் சொல்லுது. குறுக்கு வழியில பூந்திருக்கான். தப்பை அவங்க தலையில கட்டப் பார்க்கிறான்.”

“கேமரா சாவடி கேட்டைத்தானே பார்க்கும்? மைதானத்தைப் பார்க்காதே.”

“அதுக்காக?”

“பொய் சொல்றவன் நம்புற மாதிரிதான் சொல்லுவான், ரேடியோ. ஓசிப் பயணி எவனா இருந்தாலும் என்கிட்ட ‘டிக்கெட் தொலைஞ்சு போச்சு’ன்னுதான் சொல்லுவான். ‘என் டிக்கெட்டை யானை தின்னுடுச்சு’ன்னு ஒருத்தன் சொன்னா, நான் முதல்ல யானையைத் தேடுவேன்.” அவர் கார்க் கதவைத் திறந்தார். “மனுஷன் எப்போ கைதட்டுவான்?”

“கொசு அடிக்கும்போது.”

“ஏறு வண்டியில.”

*

இறந்துபோனவனின் அக்கா ஒரு சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். எங்களை வேலைக்கு அமர்த்தியதும் அவள்தான். கடைக்குள் ஆவியும் சோப்பு வாசனையும் கலந்து அடித்தன. மேலே கம்பிகளில் யார் யாருடைய சட்டைகளோ வரிசையாகத் தொங்கின. எங்களைப் பார்த்ததும் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். ஆனால் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல், ஏற்கனவே மடித்த ஒரு சட்டையைப் பிரித்து மறுபடி மடிக்க ஆரம்பித்தாள்.

அவள் முறைப்படி அனுமதி வாங்கி எல்லை தாண்டி வந்தவள். தம்பிக்கு அந்த அனுமதி கிடைக்கவில்லை. ‘எப்படியாவது வந்துடுடா, கடையிலேயே வேலை இருக்கு’ என்று இவள்தான் கூப்பிட்டிருக்கிறாள்.

“அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு இன்னொரு தடவை சொல்லும்மா,” என்றார் டிக்கெட்.

“வண்டிக்குள்ளேர்ந்து போன் பண்ணான் சார். ‘அக்கா, லாரி நின்னுடுச்சு, மூச்சு முட்டுது. வெளியே நிறையப் பேர் பேசுறாங்க, போலீஸ் மாதிரி இருக்கு. தட்டட்டுமா? தட்டினா பிடிச்சுத் திருப்பி அனுப்பிடுவாங்களே’ன்னான். நான், ‘அனுப்பினா அனுப்பட்டும்டா, உயிர் இருந்தா இன்னொரு தடவை பார்த்துக்கலாம், நீ தட்டு’ன்னேன். தட்டினான். எனக்கே கேட்டுச்சு.”

“அப்புறம்?”

“ஒரு பொம்பளை பேசுனாங்க. ‘கேக்குது, கேக்குது. கொஞ்ச நேரம் பொறுத்துக்குங்க, இதோ முடிஞ்சுடும். டீ ஆறாம மூடி வெச்சிருக்கேன்’னு. என் தம்பி அழுதுட்டான் சார். ‘அக்கா, போலீஸ் என்னை மரியாதையாப் பேசுறாங்கக்கா’ன்னான். நான்தான், ‘அவங்களே திறப்பாங்க, நீ பேசாம இரு, சார்ஜ் வீணாக்காதே’ன்னு போனை வெச்சேன்.”

சட்டை மூன்றாவது தடவையாக மடிந்தது.

“இதை யாரும் நம்பலை. போலீஸ், ‘லாரியே எங்க பக்கம் வரலை, பேசினது கடத்தல்காரங்க ஆளா இருக்கும்’னு சொல்லிட்டாங்க. எங்கம்மா ஒரு படி மேலே. ‘போலீஸ் பக்கத்துல நின்னு பேசுச்சாம், அப்புறமும் என் புள்ளை செத்தானாம், யாருகிட்ட கதை அளக்கிறே? நீ வான்னு கூப்பிட்டே, அவன் செத்தான், இப்போ பழியை ஊர்மேல போடுறே’ன்னாங்க. அதுக்கப்புறம் என் நம்பரைப் பார்த்தா அம்மா போனை எடுக்கிறதே இல்லை.” முதன்முறையாக அவள் டிக்கெட்டின் முகத்தைப் பார்த்தாள். “அந்தக் குரல் யாருதுன்னு மட்டும் கண்டுபிடிச்சுக் குடுங்க சார். அப்படி ஒரு குரல் இருந்துச்சுன்னு யாராவது ஒருத்தர் எங்கம்மாகிட்ட சொன்னாப் போதும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்.”

“அந்தம்மா மெதுவாப் பேசுனாங்களா, சத்தமாவா?”

“சத்தமா சார். சிரிச்ச முகத்தோட பேசுவாங்களே, அந்த மாதிரி.”

காரில் ஏறியதும் டிக்கெட் சொன்னார்.

“திருட்டுத்தனம் பண்றவ கிசுகிசுப்பா. இவ இரும்புத் தகட்டைத் தாண்டி, அவன் போனையும் தாண்டி, இந்தப் பொண்ணு காதுல விழற அளவுக்குக் கத்திப் பேசியிருக்கா. சுத்தி அத்தனை பேர் இருக்கும்போது. அவளுக்கு மறைக்க ஒண்ணுமே இல்லை, ரேடியோ.”

“அதோட பாஸ், ஆள் கடத்துற கும்பல்ல டீ ஆறாம மூடி வெக்கிற ஆளை நான் பார்த்ததில்லை. நம்ம ஆபீஸ்லயே அந்த வசதி கிடையாது.”

“முதல் தடவையா உருப்படியா ஒண்ணு பேசியிருக்கே. கோட்டு சூட்டு, கேமரா, கைதட்டு, டீ. அது ஏதோ விழா,” என்று சொல்லிவிட்டு டிக்கெட் செல்போனை எடுத்தார். அந்த மைதானம் இருக்கிற எல்லைப் போலீஸ் பயிற்சி முகாமின் நம்பரைப் பிடித்து, அன்றைக்கு அங்கே ஏதாவது விசேஷம் நடந்ததா என்று கேட்டார். பெருமையாகவே பதில் வந்தது. வெளிநாட்டு உதவியில் புது மிஷின் வந்திருக்கிறது. அன்றைக்குத்தான் பெரிய பெரிய விருந்தாளிகள் முன்னால் அதை இயக்கிக் காட்டினார்கள். நீங்களும் வந்து பாருங்களேன்!

“யானை கிடைச்சிடுச்சா பாஸ்?”

“தும்பிக்கை கிடைச்சிருக்கு.”

*

பயிற்சி முகாம் சாவடியை ஒட்டியே இருந்தது. மைதானத்தில் பறிமுதல் செய்த பழைய லாரிகள் மூன்று நின்றன. ஒரு கொட்டகைக்குள் பெஞ்சு போட்டு, பயிற்சிக்கு வந்த இளம் போலீஸ்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். சுவரோரம் புதுச் சாமான்கள். வண்டிக்கு அடியில் பார்க்க நீளக் கம்பு வைத்த கண்ணாடி, பெரிய டார்ச் விளக்குகள், இன்னும் பிளாஸ்டிக் உறை பிரிக்காத இரவுக் கேமராக்கள்.

பயிற்சி கொடுப்பவர் ஓர் இன்ஸ்பெக்டரம்மா. நடுத்தர வயது. ஷூ நிறைய மைதானத்து மண். நாங்கள் எதற்காக வந்திருக்கிறோம் என்பது அவருக்குத் தெரியும். அவர் முகம் சுளிக்கவே இல்லை.

“அந்தப் பையனை நினைச்சா எனக்கு மனசே ஆறலை சார்,” என்றார். “குறுக்கு வழியில போகாம எங்ககிட்ட வந்திருந்தா பிழைச்சிருப்பான். இந்த மிஷின் அவனைக் கண்டுபிடிச்சிருக்கும். இவங்களுக்கு நான் முதல் நாளே சொல்லிக் குடுக்கிறது அதுதான். ஆளைப் பிடிக்கிறது ரெண்டாவது வேலை. உயிரோட இறக்குறதுதான் முதல் வேலை.”

மிஷின் ஒரு சின்னப் பெட்டி. அதிலிருந்து நாலைந்து ஒயர்கள், ஒவ்வொன்றின் நுனியிலும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்டம். இன்ஜினை அணைத்துவிட்டு, வட்டங்களை லாரியின் இரும்புச் சட்டத்தில் ஒட்டிவிட வேண்டும். யாரும் வண்டியைத் தொடக் கூடாது. உள்ளே ஒரு மனித இதயம் துடித்தால் அந்த அதிர்வு சட்டம் வழியாக வந்து திரை சிவப்பாகிவிடும். இல்லாவிட்டால் பச்சை.

“பயிற்சிக்கு உள்ளே யாரை உட்கார வெப்பீங்க?” என்று கேட்டார் டிக்கெட்.

“எங்க சுண்டெலியைத்தான்.” மைதானத்தின் ஓரத்தில், தண்ணீர்த் தொட்டியருகே பெருக்கிக்கொண்டிருந்த ஒல்லியான மனிதரை அவர் காட்டினார். “முகாம்ல துப்புரவு வேலை. எந்தச் சந்திலயும் புகுந்துடுவார். அவர் எந்த லாரியில ஏறுறார்னு அவரைத் தவிர யாருக்கும் தெரியக் கூடாது. எனக்கும்தான். எனக்குத் தெரிஞ்சா இந்தப் பசங்க மிஷினைப் பார்க்க மாட்டாங்க, என் மூஞ்சியைப் பார்த்தே சொல்லிடுவாங்க.” அவர் சிரித்தார். “ஆனா கொஞ்ச நாளா மாட்டேங்கிறார். வயசாகுது பாவம்.”

“அப்போ எங்க ஆள் ஏறட்டுமே. அன்னைக்கு விருந்தாளிகளுக்குக் காட்டின மாதிரியே எங்களுக்கும் காட்டுங்க.”

எங்க ஆள் என்றால் வேறு யார்? நான்தான்.

“பாஸ், எனக்கு நாக்குதான் நீளம், தைரியம் குட்டை. போகட்டும், மிஷின்ல பச்சை வந்தா என்ன பண்றது? எனக்கு இதயமே இல்லைன்னு ஊர் பூரா சொல்லுவாங்களே.”

டிக்கெட் என் தோளில் கைபோட்டு லாரிப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார். யாருக்கும் கேட்காத குரலில், “சிவப்பு வந்த பிறகு மூணு தடவை தட்டு,” என்றார்.

“எதுக்கு?”

“தட்டு.”

நடுவில் நின்ற லாரியில் ஏறிப் படுத்தேன். முன்பக்கம் பழைய தார்ப்பாய்கள் குவிந்து கிடந்தன. அவற்றுக்கும் தகட்டுக்கும் நடுவில் ஒரு ஆள் முடங்குகிற அளவு இடம். கதவு சாத்தப்பட்டதும் கண்ணைத் திறந்திருக்கிறேனா மூடியிருக்கிறேனா என்றே தெரியவில்லை. தகடு வெயிலில் காய்ந்து முதுகைச் சுட்டது. காற்று என்று ஒன்று உள்ளே இருந்தது, ஆனால் அதை ஏற்கனவே யாரோ மூச்சுவிட்டு முடித்திருந்தார்கள். கதவைத் தாழ்போடவில்லை, நான் தள்ளினால் திறந்துகொள்ளும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் பயந்தேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

வெளியே காலடிகள். வட்டங்கள் சட்டத்தில் ஒட்டும் சத்தம். பிறகு ஒரு பேச்சும் இல்லை. கடைசியில் ஒரு பையனின் குரல் “சிவப்பு!” என்று கத்தியது. உடனே எல்லோரும் கைதட்டினார்கள்.

நான் தகட்டில் மூன்று தடவை தட்டினேன்.

தட்டிவிட்டு, வெளியே போனதும் அடிக்க ஒரு ஜோக்கைத் தயார் செய்துகொண்டிருந்தேன். அப்போது என் காதுக்குப் பக்கத்தில், தகட்டுக்கு அந்தப் பக்கம், சிரித்த முகத்தோடு ஒரு குரல் உரக்கப் பேசியது.

“கேக்குது, கேக்குது. கொஞ்ச நேரம் பொறுத்துக்குங்க, இதோ முடிஞ்சுடும். டீ ஆறாம மூடி வெச்சிருக்கேன்.”

அந்த ஜோக் என்னவென்று எனக்கு இன்று வரை ஞாபகம் வரவில்லை.

கதவு திறந்தது. இன்ஸ்பெக்டரம்மா தட்டு போட்டு மூடிய ஒரு டீ கிளாஸோடு நின்றுகொண்டிருந்தார். “பயந்துட்டீங்களா? முகமே வெளிறிப் போச்சே. குடிங்க முதல்ல,” என்றார். நான் கிளாஸை வாங்கிக்கொண்டேன். குடிக்க முடியவில்லை. டிக்கெட்டைப் பார்த்தேன். அவர் லேசாகத் தலையை ஆட்டிவிட்டு, நேரே தண்ணீர்த் தொட்டியை நோக்கி நடந்தார். நானும் பின்னால் ஓடினேன்.

*

“அன்னைக்கு எந்த லாரியில ஏறினீங்க?” என்று கேட்டார் டிக்கெட்.

சுண்டெலி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். அது விழுந்தது. எடுத்துச் சாய்த்தார், மறுபடி விழுந்தது.

“மெத்தை லாரியில சார். அன்னைக்குப் புதுசா இருக்கட்டும்னு வரிசையிலேர்ந்து ஒரு வண்டியை இரவல் வாங்கி நிறுத்தியிருந்தாங்க. அதுலதான்.”

மெத்தை லாரி என்று அவரே சொல்லிவிட்டார். டிக்கெட்டின் குரலில் ஒரு மாற்றமும் இல்லை.

“அண்ணே, நான் ரயில்ல டிக்கெட் கேட்டே வாழ்ந்தவன். டிக்கெட் இல்லாதவன் முகம் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். நீங்க ஏறலை.”

சுண்டெலி இன்ஸ்பெக்டரம்மா இருந்த பக்கம் பார்த்தார். பிறகு தொட்டியின் விளிம்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“ஏற முடியலை சார். அதுக்கு முன்னாடி ஒரு பயிற்சியில, நான் உள்ளே இருக்கிறதை மறந்துட்டு எல்லாரும் சாப்பிடப் போயிட்டாங்க. அதுலேர்ந்து இருட்டுப் பொந்தைப் பார்த்தாலே நெஞ்சு அடைக்குது. அன்னைக்கு லாரி வரைக்கும் போனேன், கால் வரலை. இந்தத் தொட்டிக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டேன். எல்லா லாரிக்கும் பச்சை வரும், அவமானமாப் போகும், அப்புறம் மேடம் கால்ல விழுந்துடலாம்னு இருந்தேன். ஆனா மெத்தை லாரிக்கு மிஷின் சிவப்புன்னு காட்டிடுச்சு. எல்லாரும் கைதட்டினாங்க.”

“நீங்க என்ன நினைச்சீங்க?”

“மிஷின் பொய் சொல்லுதுன்னு நினைச்சேன் சார். காலி வண்டியில ஆள் இருக்குன்னு சொல்லுதே, சுத்த டுபாக்கூர் மிஷின்னு. ஆனா அதைச் சொன்னா நான் ஏறாதது தெரிஞ்சுடும். பேசாம டீ ஸ்டாலுக்குப் போனேன். மேடம் என்னைப் பார்த்துட்டு, ‘வெளியே வந்துட்டீங்களா? நம்ம பசங்க திறந்துவிட்டாங்களா?’ன்னு கேட்டாங்க. ஆமான்னு தலையாட்டினேன். அவ்வளவுதான் சார். வேற ஒண்ணும் பண்ணலை.”

அவர் சொன்னது உண்மைதான். வேறு ஒன்றும் பண்ணவில்லை. அந்த லாரியில் சுண்டெலி இல்லை என்பது உலகத்தில் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும், அவர் மிஷினை நம்பவில்லை. மிஷினை நம்பிய இன்ஸ்பெக்டரம்மாவுக்கோ, உள்ளே இருந்தவர் வெளியே வந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். நடுவில் ஒருவன் இருட்டில் உட்கார்ந்து, சொன்ன பேச்சைக் கேட்டுப் பொறுத்துக்கொண்டிருந்தான். எனக்கு யாரையாவது அடிக்க வேண்டும் போலிருந்தது. அடிக்கத் தகுந்த முகம் ஒன்றுகூட அந்த மைதானத்தில் இல்லை.

டிக்கெட் சுண்டெலியின் கையைப் பிடித்து எழுப்பி, இன்ஸ்பெக்டரம்மாவின் அறைக்கு அழைத்துப் போனார். என்னிடம் கதவைச் சாத்தச் சொன்னார்.

“மேடம், அன்னைக்கு நீங்க இரவல் வாங்கின லாரியில என்ன லோடு?”

“மெத்தைன்னு ஞாபகம். ஏன் சார்?” கேட்ட பிறகுதான் அந்த வார்த்தை அவருக்கே உறைத்தது. இருந்தும் அவர் கலங்கவில்லை. “செத்துப்போன பையன் வந்ததும் மெத்தை லாரின்னு எனக்குத் தெரியும் சார். எத்தனையோ மெத்தை லாரி போகுது. இதுல சுண்டெலிதானே இருந்தார்? மெத்தைக்கு நடுவுல புகுந்து உட்கார்ந்துட்டார். அவரை இறக்கணும்னா பாதி லோடை இறக்கணும். விருந்தாளிங்க டீக்குக் கிளம்பிட்டாங்க. அவங்களை அனுப்பிட்டு வந்து திறக்கலாம்னு போனேன், அதுக்குள்ளே பசங்களே இறக்கிவிட்டுட்டாங்க. அவர் தட்டினார், நான் பதில்கூடச் சொன்னேனே.”

“நான் ஏறலை மேடம்,” என்றார் சுண்டெலி.

“என்ன?”

“நான் எந்த லாரியிலயும் ஏறலை. பயமா இருந்துச்சு. உங்ககிட்டப் பொய் சொல்லிட்டேன்.”

இன்ஸ்பெக்டரம்மா அவரைப் பார்த்தார். பிறகு டிக்கெட்டை. பிறகு, எதற்கென்று தெரியவில்லை, மேஜைமேல் இருந்த மிஷினை.

“அப்போ மிஷின் சரியாத்தான் சொல்லுச்சா?”

டிக்கெட் தலையாட்டினார்.

“நாங்க அவனைக் கண்டுபிடிச்சுட்டோம்,” என்றார் அவர். “சார், நாங்க அவனைக் கண்டுபிடிச்சோம் சார். என் பசங்க கரெக்டா செஞ்சாங்க. சட்டத்துல வட்டத்தை ஒட்டினாங்க, சிவப்பு வந்துச்சு, அவனும் தட்டினான்...” நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். “நான் பேசினதுக்கப்புறம் அவன் தட்டவே இல்லை. தட்டியிருக்கலாமே. ஏன் தட்டலை?”

“நீங்க பொறுத்துக்கச் சொன்னீங்க,” என்றார் டிக்கெட். அவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

சுண்டெலி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதார். இன்ஸ்பெக்டரம்மா அழவில்லை. எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டு, மாடியில் இருந்த கமாண்டரின் அறைக்குப் போனார். “மெத்தை லாரி நம்ம மைதானத்துக்கு வந்துச்சு சார், அதை இரவல் வாங்கினதும் நான்தான், பக்கத்து கேட் வழியா அனுப்பினதும் நான்தான்” என்று அவர் சொன்னது வராந்தாவில் நின்ற எங்களுக்கே கேட்டது. கமாண்டர், “அவசரப்படாதீங்கம்மா, உங்க வேலையே போயிடும், யோசிச்சுப் பேசுங்க” என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இறங்கி வந்ததும் டிக்கெட்டிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“அவனுக்கு யார் இருக்காங்க?”

*

சலவைக் கடையில் அன்றைக்குக் கூட்டம் இல்லை. இன்ஸ்பெக்டரம்மா யூனிஃபார்மோடுதான் வந்திருந்தார். மாற்றிக்கொள்ளச் சொல்லலாமா என்று நான் கேட்டதற்கு டிக்கெட் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அக்காக்காரி போலீஸைப் பார்த்ததும் இஸ்திரி மேஜைக்குப் பின்னால் ஒரு அடி நகர்ந்தாள். “மறுபடி விசாரணையா சார்?” என்று டிக்கெட்டைக் கேட்டாள்.

“இல்லைம்மா,” என்றார் இன்ஸ்பெக்டரம்மா. “நான்தான் உங்களைப் பார்க்கணும்னு வந்தேன்.”

அவ்வளவுதான் அவர் பேசினார். அக்காவின் கை அப்படியே நின்றது. அந்தக் குரலை அவளுக்கு யாரும் அறிமுகப்படுத்த வேண்டியிருக்கவில்லை.

இன்ஸ்பெக்டரம்மா நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். மிஷினை, சுண்டெலியை, கைதட்டலை, டீயை. எதையும் குறைத்துச் சொல்லவில்லை, தனக்குச் சாதகமாக ஒரு வார்த்தை சேர்க்கவும் இல்லை. மன்னிப்பு என்ற வார்த்தையை எடுத்தார். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் பாதியிலேயே விட்டுவிட்டார்.

அக்கா கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் எங்கள் எல்லோருக்கும் நன்றாக இருந்திருக்கும்.

“உங்க குரல் நல்லா இருந்துச்சும்மா,” என்றாள். “பெத்தவங்க பேசுற மாதிரி இருந்துச்சு. அதான் நம்பினேன். அதான் அவனைப் பேசாம இருடான்னு சொன்னேன்.”

இன்ஸ்பெக்டரம்மா முகத்தை மூடிக்கொண்டார். இரண்டு பெண்களுக்கும் நடுவில் இஸ்திரி மேஜை இருந்தது. யாரும் அதைச் சுற்றி வரவில்லை. நான் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். டிக்கெட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டிக்கொண்டார், மறுபடி கழற்றித் துடைத்தார்.

பிறகு அக்கா மூக்கைச் சிந்திக்கொண்டு, “உங்க போனைக் குடுங்க,” என்றாள்.

இன்ஸ்பெக்டரம்மா ஒன்றும் புரியாமல் நீட்டினார்.

“என் நம்பரைப் பார்த்தா எங்கம்மா எடுக்க மாட்டாங்க.” அவள் ஒவ்வொரு எண்ணாக அழுத்தினாள். அழைப்பு போகத் தொடங்கியதும் ஒலிபெருக்கியைப் போட்டு, போனை மேஜையைத் தாண்டி நீட்டினாள். “நீங்களே சொல்லுங்க.”

அந்தப் பக்கம் மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க மாட்டார்கள் என்று நான் நினைத்த நேரத்தில், தூக்கத்திலிருந்து எழுந்தது போல ஒரு கிழட்டுக் குரல் வந்தது.

“யாரும்மா?”

இன்ஸ்பெக்டரம்மா அக்காவைப் பார்த்தார். அக்கா தலையசைத்தாள்.

“அம்மா, உங்க பொண்ணு சொன்னது உண்மைம்மா. உங்க பையன் உள்ளேயிருந்து தட்டினப்போ, வெளியே நின்னு பதில் சொன்னது நான்தான்.”